நன்றியுரை ராசாங்கம்

வெளியூர் லாரிக்காரர்கள் அவரைப் பஞ்சர் கடை ராசாங்கம் என்பார்கள். எங்கள் வேப்பந்திட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. எங்களுக்கு அவர் நன்றியுரை ராசாங்கம். பள்ளிக்கூட ஆண்டு விழாவா, காதுகுத்தா, இரங்கல் கூட்டமா, கிராம சபையா, எதுவானாலும் கடைசியில் மைக்கைப் பிடித்து நன்றி சொல்ல அவரை விட்டால் ஊரில் ஆள் கிடையாது.

நான் கவிதா. உடையார்பாளையத்திலிருந்து எங்கள் ஊருக்குப் பிரியும் ரோட்டில், பஸ் ஸ்டாப்பை ஒட்டி டீக்கடை வைத்திருக்கிறேன். பக்கத்துக் கடை ராசாங்கம் அண்ணனுடையது. கிராம சபைக்கு டீயும் வடையும் என் கடையிலிருந்துதான் போகும். அதனால் 2024 சுதந்திர தினத்தன்று நடந்ததைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. வேறு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்களில் பாதிப் பேர் வருகைப் பதிவில் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கொல்லைக்காட்டு வேலைக்கு ஓடியவர்கள்.

அண்ணன் நன்றி சொல்ல ஆரம்பித்தது எட்டாம் வகுப்பில். ஆண்டு விழாவுக்கு வரவேற்புரை வடக்குத் தெருப் பையனுக்குப் போனது. ஆண்டறிக்கை வாத்தியார் மகனுக்கு. தெற்குத் தெருப் பையனுக்கு மிச்சம் இருந்தது நன்றியுரைதான். நன்றியுரை என்றால் என்ன? கூட்டம் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு செருப்பைத் தேடுகிற நேரம். யார் காதிலும் விழாத பேச்சு. அதைத்தான் இவர் தலையில் கட்டினார்கள்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? பெஞ்சு தூக்கியவர், பந்தலுக்குக் கயிறு கொடுத்தவர், தண்ணீர்ப் பானை சுமந்த அம்மா, வாழை மரம் வெட்டி வந்தவர் என்று ஒவ்வொருவர் பெயரையும் விசாரித்து வைத்துக்கொண்டு, தெருவையும் சேர்த்து மைக்கில் சொன்னார். எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்து நம் பெயர் வருமோ என்று காது கொடுத்தார்கள். பெஞ்சு தூக்கியவர் என் அப்பா. அவர் பெயரை அதற்கு முன் யாரும் மைக்கில் சொன்னதில்லை. அன்றைக்கு வீடு வரைக்கும் அப்பாவின் நடையே வேறாக இருந்தது.

அதிலிருந்து எங்கள் ஊரில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. ராசாங்கம் நன்றி சொல்லும்போது யாரும் எழுந்து போகக் கூடாது, குறுக்கே பேசக் கூடாது. பேசினால் அடுத்தவன் பெயர் விழாமல் போய்விடும் அல்லவா? பாலுக்கு அழும் பிள்ளையின் வாயைக்கூடப் பொத்துவார்கள். பெரிய ஆள் பெயர் கடைசியில்தான் வரும். அதற்காக அந்தப் பெரிய ஆளும் கடைசி வரை உட்கார்ந்திருந்தே ஆக வேண்டும்.

மனிதர் வீட்டில் வாயைத் திறப்பதே அபூர்வம். "இவரு மைக்கு வச்சாத்தான் பேசுவாரு, குழம்பு வேணுமான்னு கேக்கக்கூட நான் மைக்கு செட்டு வாடகைக்கு எடுக்கணும் போல" என்று அவர் மனைவி பரிமளா என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். கடையில் டியூப்புகளுக்கு நடுவில் ஓர் ஆணியில் வெள்ளைச் சட்டை ஒன்று பிளாஸ்டிக் உறைக்குள் எப்போதும் தொங்கும். கூட்டம் என்றால் கையை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். ஒன்றுதான் என் மனதில் உறுத்தும். ஊரில் எல்லோருக்கும் நன்றி சொல்கிற மனிதருக்கு நன்றி சொல்ல ஒரு ஆள் கிடையாது. அவர் பேசி முடித்ததும் கூட்டம் நேராக என் டீ கேனுக்குத்தான் வரும்.

இந்த நல்ல வழக்கத்தை ஊராட்சித் தலைவர் அய்யம்பெருமாள் தனக்கு வசதியாகத் திருப்பிக்கொண்டார். தலைவர் வடக்குத் தெருப் பெரிய குடும்பம். கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். தெருவிளக்கு போட்டார், சாக்கடை கட்டினார். ஆனால் பிடிக்காத கேள்வி வந்தால் மட்டும் அவர் கை தானாகத் தோளுக்குப் போகும். வலது தோளில் கிடக்கும் துண்டு இடது தோளுக்கு மாறும். மாறிய அடுத்த நொடி ராசாங்கம் அண்ணன் எழுந்து "நிறைவாக..." என்று ஆரம்பித்துவிடுவார். அவ்வளவுதான், கேள்வி கேட்டவன் வாயை மூடிக்கொண்டு தன் பெயருக்காகக் காத்திருப்பான். அவன் பெயரும் வரும். "நல்லதொரு கேள்வியைக் கேட்ட இன்னாருக்கு நன்றி" என்று வரும். பதில் மட்டும் வராது.

துண்டு மாறுவதை நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்கிறீர்களா? டீ ஆறிப்போகாமல் ஊற்ற வேண்டியது என் பொறுப்பு. கூட்டம் எப்போது முடியும் என்று ஆளைப் பார்த்துப் பார்த்துத்தான் பழக்கம். அண்ணன் அதைச் சூழ்ச்சி என்று நினைக்கவில்லை. தலைவர் தன்னை நம்பிக் கண் காட்டுகிறார், அது பெரிய மரியாதை என்று நினைத்தார். எனக்கு எரிச்சலாக வரும். சொன்னால் சிரித்துவிட்டு டியூப்பைத் தண்ணீரில் அமுக்கிக் காற்றுக் குமிழி பார்க்கப் போய்விடுவார்.

அந்தச் சுதந்திர தினத்துக்கு முந்தின கிராம சபையில் பெரிய ரகளை. குடிதண்ணீர் பற்றி ஒரே நேரத்தில் பத்துப் பேர் பேச, மைக்கை ஆளுக்கொரு பக்கம் இழுக்க, ஒயர் பிடுங்கிக்கொண்டது. நன்றியுரைகூட நடக்கவில்லை. என் டீ முழுவதும் வீண். அப்போது ஊராட்சிக்குப் புதிதாக ஒரு கிளார்க் வந்திருந்தார். அறிவரசன் என்று பெயர், பூலாம்பாடிப் பக்கம். எதையும் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிற ரகம். அவர் கேள்வி கேட்பதற்கு விதிமுறை எழுதினார்.

கேட்க நினைப்பவர் கை தூக்க வேண்டும். பெயரும் தெருவும் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு கேள்வி, இரண்டு நிமிடம். யாரையும் ஏசக் கூடாது. ஒரு கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்த கேள்வி. அதை வாசித்துப் பார்த்த தலைவருக்கு அந்தக் கடைசி வரி அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் எடுக்கச் சொன்னால் அசிங்கம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு என் கடை வாசலில் நின்றுதான் சொன்னார்.

"நல்லா இருக்குப்பா. கடைசியா ஒண்ணு சேத்துக்க. நன்றியுரை ஆரம்பிச்சாச்சுன்னா எவனும் குறுக்க வாயத் தொறக்கக் கூடாது."

"சரிங்க தலைவரே."

"தலைவர் உட்படன்னு போடு. அப்பத்தான் ஒரு பய கொறை சொல்ல மாட்டான்."

அறிவரசன் அதை மட்டும் சிவப்பு மையில் எழுதினார். சமுதாயக் கூடத்தில் மேடைக்குப் பின்னால், கண்ணுக்கு நேராக ஒட்டினார்.

ஊருக்கு ஒரு புது விளையாட்டுக் கிடைத்துவிட்டது! இரண்டு நிமிடம் என்றால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை. என் கடையில் போனை வைத்துக்கொண்டு ஆளாளுக்குப் பேசிப் பார்த்தார்கள். ஒருவர் வணக்கம் சொல்லி, தலைவரை வாழ்த்தி, தன் குலதெய்வத்தைக் கும்பிட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. இன்னொருவர் கேள்வியை அரை நிமிடத்தில் முடித்துவிட்டு, மிச்ச நேரத்தை என்ன செய்வது என்று கேட்டார். நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் வழியெல்லாம் கை தூக்கிப் பழகினார்கள். கூட்டம் என்றாலே கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுகிற ஊரில் இப்படி ஒரு ஆர்வத்தை நான் பார்த்ததே இல்லை.

அந்தச் சமயத்தில்தான், ஆகஸ்ட் ஆரம்பத்தில், பிரவீணா ஏரிக்கரை வளைவில் விழுந்தாள்.

பிரவீணா ராசாங்கம் அண்ணனின் ஒரே மகள். பதினொன்றாம் வகுப்பு. அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் உடையார்பாளையம் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருவாள். எங்கள் ஏரிக்கரை ரோடு ஊராட்சி ரோடு. சைக்கிளும் மாட்டு வண்டியும் போகத்தான் அது போதும். பெரிய ரோட்டில் சுற்றிப் போகச் சோம்பல்பட்டுச் சுண்ணாம்புக்கல் லாரிகள் அதில் புகுந்து போகும், அதுவும் பள்ளிக்கூட நேரத்தில். அன்றைக்கு ஒரு லாரி வளைவில் உரசிக்கொண்டு வர, பிள்ளை சைக்கிளோடு பள்ளத்தில் போய் விழுந்தாள். முழங்கை சிராய்த்ததோடு தப்பினாள். சைக்கிளின் பின்சக்கரம் கோணிப் போனது. லாரி நிற்கவே இல்லை.

அந்த லாரிகள் தலைவருடைய மச்சானுடையவை. ஊருக்கே தெரியும்.

பரிமளா ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். இனி சைக்கிள் கிடையாது. பஸ்ஸோ பள்ளிக்கூட மணி அடித்த பிறகுதான் வரும். அதனால் பிள்ளையைப் பெரம்பலூரில் தங்கச்சி வீட்டில் விட்டு அங்கேயே சேர்த்துவிடுவது. பிரவீணா என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்து அழுதாள். "அத்த, நீங்களாச்சும் சொல்லுங்க. எனக்கு பெரம்பலூரு வேணாம். என் ஸ்கூல் இதுதான்" என்றாள். நான் போய்ச் சொன்னேன். பரிமளா கேட்பாளா?

"எனக்கு மட்டும் புள்ளய அனுப்ப ஆசையா? அந்த லாரிய நிறுத்தச் சொல்லு, நான் நிறுத்திக்கிறேன்" என்றாள். பிறகு அவளே, "அதான் இப்ப கேள்வி கேக்கலாம்னு எழுதி ஒட்டியிருக்கே. பதினஞ்சாந் தேதி நானே கேக்குறேன். கூட்டத்துல ஒரு வழி பொறக்கலன்னா ஞாயித்துக்கெழம பொட்டியக் கட்ட வேண்டியதுதான்" என்றாள்.

துண்டு விஷயத்தை அவளுக்குச் சொன்னது நான்தான். சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. உடனே எழுந்து பக்கத்துக் கடைக்குப் போனாள். நானும் வடை மாவோடு பின்னாலேயே போனேன்.

"ஏங்க, கூட்டத்துல நான் லாரியப் பத்திக் கேக்கப்போறேன்."

அண்ணன் டியூப்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டா அவரு துண்ட மாத்துவாரு. நீங்க எந்திரிப்பீங்களா, மாட்டீங்களா?"

"வேலையப் பாரு பரிமளா" என்றார். தலையைத் தூக்கவே இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் அவர் நிலைமையும் எனக்குத் தெரியும். அவர் கடை நிற்பது ஊராட்சிப் புறம்போக்கில். தலைவர் ஒரு வார்த்தை சொன்னால் காலையில் கடை இருந்த இடம் காலியாக இருக்கும். அவரிடம் வரும் வேலையில் பெரும்பாதி அந்த லாரிகளின் டயர்தான். மகளின் சைக்கிளை அவர் அன்றைக்கே சரிசெய்துவிட்டார். சக்கரத்தை நிமிர்த்தி, புது ஸ்போக்ஸ் கம்பி மாட்டி, மணியைக்கூடத் துடைத்து வைத்திருந்தார். ஓட்ட ஆள் இல்லாமல் அது கடைச் சுவரில் சாய்ந்து நின்றது.

ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. எழுவார் என்று ஒரு கட்சி, எழ மாட்டார் என்று ஒரு கட்சி. என் கடையில் டீ குடிக்க வந்தவர்களெல்லாம் இதையேதான் பேசினார்கள். பரிமளா என் அடுப்படியில் நின்று பேசிப் பழகினாள். பிரவீணா போனில் நேரம் பார்த்தாள். முதல் தடவை பள்ளத்தில் விழுந்ததைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே நேரம் முடிந்தது. அடுத்த தடவை அழுகை வந்துவிட்டது. "அழுவுறதுக்கெல்லாம் தனியா நேரம் தரமாட்டாங்கம்மா" என்றாள் மகள். பிறகு இருவரும் சிரித்துவிட்டார்கள். அதற்கப்புறம் கேள்வி சரியாக வந்தது.

பதினைந்தாம் தேதி. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, எல்லோரும் சமுதாயக் கூடத்துக்கு வந்தார்கள். அப்பா, என்ன கூட்டம்! நாற்காலி போதவில்லை. சன்னல் திட்டில்கூட ஆட்கள். கையெழுத்துப் போட்டவர்களில் பாதிக்குப் பாதி உட்கார்ந்தே விட்டார்கள். எங்கள் ஊர்க் கணக்குக்கு அது திருவிழா. தலைவர் வலது தோளில் சலவைத் துண்டோடு நடுவில் அமர்ந்தார். பக்கத்தில் நேரம் பார்க்க மணியோடு அறிவரசன். மேடையின் ஓரத்து நாற்காலியில் வெள்ளைச் சட்டையோடு ராசாங்கம் அண்ணன். நான் வாசலை ஒட்டி டீ கேனோடு நின்றேன்.

வரவு செலவு வாசித்தார்கள். பிறகு கேள்வி. முதலில் ஒருவர் கை தூக்கி, பெயர் சொல்லி, தெரு சொல்லி, எரியாத விளக்கு ஒன்றைப் பற்றிக் கேட்டார். தலைவர் அந்த வாரமே போடுவதாகச் சொன்னார். அறிவரசன் எழுதிக்கொண்டார். கூட்டமே வாயைப் பிளந்தது. கேட்டதற்குப் பதில்! எழுத்தில்! கை தட்டிவிட்டார்கள். அடுத்து ஒரு பெண் ரேஷன் கடைக்கு முன்னால் தேங்கும் தண்ணீரைப் பற்றிக் கேட்டாள். அதற்கும் பதில் வந்தது. தலைவர் முகம் மலர்ந்திருந்தது. நல்ல பேர் வாங்குவது யாருக்குத்தான் கசக்கும்?

பரிமளா கை தூக்கினாள்.

"எம் பேரு பரிமளா. தெற்குத் தெரு. நம்ம ஏரிக்கரை ரோட்டுல பள்ளிக்கூட நேரத்துல கல்லு லாரி போவுது. என் பொண்ணு லாரி உரசிப் பள்ளத்துல வுழுந்துச்சு. உசுரு தப்பிச்சது சாமி புண்ணியம். அந்த ரோட்டுல நம்ம ஊரு புள்ளைவோ அத்தனையும் சைக்கிள்ல போவுது. காலையிலயும் சாயங்காலமும் பள்ளிக்கூட நேரத்துல லாரி வரக் கூடாதுன்னு இந்தச் சபையில தீர்மானம் போடுவீங்களா, மாட்டீங்களா? இதான் என் கேள்வி."

மணி அடிக்கவில்லை. நேரம் மிச்சம் இருந்தது. பின்வரிசையில் பிரவீணா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

தலைவர் சிரித்தார். "அது பெரிய விஷயம்மா. நாலு எடத்துல கேக்கணும். பாக்கலாம். அடுத்த கேள்வி யாரு?"

"பதில் வந்த பொறவுதான் அடுத்த கேள்வின்னு எழுதியிருக்குங்க" என்றாள் பரிமளா. அவள் உட்காரவில்லை. "பாக்கலாம்ங்கறது பதில் இல்லிங்களே."

விசில் பறந்தது. தலைவரின் கை தோளுக்குப் போனது. துண்டு வலமிருந்து இடம் மாறியது.

பழக்க தோஷம், என் கை டீ கேன் குழாய்க்குப் போய்விட்டது. நான்கு நிமிடமோ நான்கு நொடியோ தெரியவில்லை, ராசாங்கம் அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தலைவர் திரும்பி அவரைப் பார்த்தார். துண்டை இன்னொரு தடவை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அண்ணன் எழுந்துவிட்டார்.

கூட்டத்திலிருந்து 'ச்சே' என்று ஒரு சத்தம் வந்தது. பரிமளா முகம் வெளுத்துவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு நின்றவள் மெதுவாக உட்கார்ந்தாள். எனக்கு அந்த டீயை அப்படியே அவர் வெள்ளைச் சட்டையில் ஊற்றலாம் போல இருந்தது. அவர் மைக்கைப் பிடித்தார்.

"நிறைவாக, நன்றியுரை. விளக்குக்காகக் குரல் கொடுத்த அன்பருக்கும், தண்ணீர் தேங்குவதைச் சொன்ன சகோதரிக்கும் என் நன்றி. லாரிகளைப் பற்றிக் கேட்ட, தெற்குத் தெருவைச் சேர்ந்த, பரிமளா அவர்களுக்கு என் நன்றி."

சொந்தப் பெண்டாட்டியை 'அவர்கள்' என்றதும் சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"அந்த ஏரிக்கரை ரோட்டில் தினமும் சைக்கிள் ஓட்டிப் போய்ப் பத்திரமாக வீடு திரும்பும் நம் பிள்ளைகளுக்கு நன்றி. வடக்குத் தெரு கீதாஞ்சலிக்கு நன்றி. மேலத்தெரு அசோக்குக்கு நன்றி. அவன் தம்பி பிரேமுக்கு நன்றி..."

சிரிப்பு நின்றது. அவர் ஒவ்வொரு தெருவாகப் போனார். ஒவ்வொரு பிள்ளையின் பெயராகச் சொன்னார். எல்லா சைக்கிளுக்கும் காற்று அடிப்பவர் அவர்தானே, எந்தப் பெயர் தெரியாது? பெயர் வர வர அந்தப் பிள்ளையின் அப்பாவோ அம்மாவோ நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்து நம் பிள்ளை பெயர் வருமோ என்று மற்றவர்கள் காத்திருந்தார்கள். வழக்கமாகத் தன் பெயருக்குக் காத்திருக்கிற ஊர் அன்றைக்குப் பிள்ளை பெயருக்குக் காத்திருந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, பொய் சொல்லவில்லை.

"எங்கள் வீட்டுப் பிரவீணாவுக்கு நன்றி. அவள் பத்து நாளாகப் போகவில்லை. வடக்குத் தெரு சண்முகப்பிரியாவுக்கு நன்றி."

சண்முகப்பிரியா தலைவருடைய தம்பி மகள். முன்வரிசையில் இருந்த அந்தத் தம்பி நிமிர்ந்து தலைவரைப் பார்த்தார். தலைவர் மைக் பக்கம் கையை நீட்டி, "போதும் ராசாங்கம், முடிச்சு..." என்று ஆரம்பித்தார்.

அறிவரசன் எழுந்து நின்றார். பாவம், அவருக்கு வேர்த்துக் கொட்டியது. சுவரைக் காட்டினார். "தலைவரே, நன்றியுரை ஓடுதுங்க. யாரும் பேசக் கூடாதுங்க. தலைவர் உட்பட. நீங்க சொல்லித்தானுங்க எழுதுனேன்."

கூடம் அதிர்ந்தது. சிரிப்பா, கைதட்டலா, விசிலா என்று பிரிக்க முடியாத சத்தம். நானே தம்ளர் தட்டைக் கரண்டியால் தட்டினேன். அண்ணன் கையைத் தூக்கி எல்லோரையும் அமர்த்தினார்.

"கடைசியாக, நம் தலைவர் அய்யம்பெருமாள் அவர்களுக்கு..." என்று சொல்லி நிறுத்தினார். மைக்கைக் கீழே இறக்கினார். குரல் மாறியது. வீட்டில் பேசுகிற குரல் அப்படித்தான் இருக்கும் போல.

"தலைவரே, இத்தன வருசமா உங்க பேரத்தான் கடைசியாச் சொல்லுறேன். எதுக்கு நன்றின்னு யோசிச்சதே இல்ல. இன்னைக்கு யோசிச்சுப் பாக்குறேன், தெரியல. எதுக்குச் சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க. சொல்லுற வரைக்கும் நான் இங்கயேதான் நிப்பேன். நன்றியுரைக்கு ரெண்டு நிமிசக் கணக்குக் கெடையாது."

சொல்லிவிட்டு மைக்கைத் தலைவர் முன்னால் வைத்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் கடை, அவர் பிழைப்பு, எல்லாம் அந்த மேசை மேல் இருந்தது.

ஒருவரும் எழவில்லை. தலைவர் கூட்டத்தைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். நன்றி வாங்காமல் எழுந்து போக எங்கள் ஊரில் எந்தப் பெரிய மனிதராலும் முடியாது. போனால் அவர் பெயர் விழாமலே கூட்டம் முடிந்ததாகிவிடும். அதைவிட அவமானம் வேறு இல்லை.

அவர் கை மறுபடி தோளுக்குப் போனது. துண்டை இடது தோளிலிருந்து எடுத்து வலது தோளில் போட்டார்.

"எழுதுப்பா அறிவரசன்" என்றார் மைக்கில். "பள்ளிக்கூடம் போற நேரமும் வுடுற நேரமும் ஏரிக்கரை ரோட்டுல லாரி வரக் கூடாது. தீர்மானத்தக் கலெக்டர் ஆபீசுக்கும் அனுப்பு. என் மச்சான்கிட்ட நான் பேசிக்கிறேன். சம்மதம்னா எல்லாரும் கையத் தூக்குங்க."

தூக்கினார்கள் பாருங்கள் கையை! இரண்டு கையையும் தூக்கியவர்களே அதிகம். பரிமளா எழுந்து நின்று தூக்கினாள். அழுதுகொண்டே தூக்கினாள். அதற்கு யாரும் நேரம் பார்க்கவில்லை.

"பிள்ளைகளின் பாதையைக் காக்க முன்வந்த நம் தலைவர் அய்யம்பெருமாள் அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி" என்று அண்ணன் முடித்தார்.

எல்லாம் சரி. ஆனால் ஒன்று சொல்லாமல் விட மாட்டேன். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, 'தேநீர் வழங்கிய கவிதா அவர்களுக்கு' என்ற வரியை அவர் மறந்துவிட்டார். எனக்குச் சந்தோஷம்தான் என்றாலும் அது மனதில் குத்தத்தான் செய்தது. டீ வேறு ஆறி, ஆடை கட்டிப்போயிருந்தது.

மறுநாள் காலையில் தலைவரின் பைக் பஞ்சர் கடை வாசலில் வந்து நின்றது. நான் அடுப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். "முன் டயருக்குக் காத்து அடி" என்றார். அண்ணன் அடித்தார். வேறு ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது மட்டும், "மூங்கில் எங்கூட்டுக் கொல்லையில கெடக்கு, வேணுங்கறத வெட்டிக்கிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை ஏரிக்கரை ரோட்டின் முனையில், எங்கள் கடைகளுக்கு நேர் எதிரில், குறுக்கே ஒரு மூங்கில். அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ராசாங்கம் அண்ணன் நின்றார். மூங்கிலுக்கு அந்தப் பக்கம் லாரிகள் வரிசையாக நின்றன. ஓட்டுநர்கள் இறங்கி வந்து என்னிடம் டீ வாங்கினார்கள். பிள்ளைகள் மூங்கிலுக்கு இந்தப் பக்கம் மணியடித்துக்கொண்டு கூட்டமாகப் போனார்கள். கடைசியில் பிரவீணா வந்தாள். பரிமளா அவள் பின்னாலேயே முனை வரைக்கும் நடந்து வந்தாள்.

பிரவீணா எங்கள் முன்னால் சைக்கிளை நிறுத்தினாள். ஒரு காலை ஊன்றிக்கொண்டு, கைப்பிடியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு, அப்பா குரலிலேயே ஆரம்பித்தாள்.

"நிறைவாக, நன்றியுரை. லாரியை நிறுத்திக் காத்திருக்கும் ஓட்டுநர் அண்ணன்களுக்கு நன்றி. கேள்வி கேட்ட எங்கள் அம்மா பரிமளா அவர்களுக்கு நன்றி. கூட்டத்தில் பெயர் விட்டுப்போனதற்காக நான்கு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கும், தேநீர் வழங்கிய கவிதா அத்தை அவர்களுக்கு நன்றி."

ஓட்டுநர்கள் தம்ளரோடு நின்று சிரித்தார்கள். யாரும் குறுக்கே பேசவில்லை. அண்ணன் மூங்கிலைப் பிடித்தபடி மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தை நான் எத்தனையோ கூட்டங்களில், எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். அடுத்து நம் பெயர் வருமோ என்று காத்திருக்கிற முகம்.

"கடைசியாக" என்றாள் பிரவீணா, "எங்கள் அப்பா, தெற்குத் தெரு ராசாங்கம் அவர்களுக்கு நன்றி."

மணியடித்துக்கொண்டு அவள் வளைவில் திரும்பும் வரைக்கும் அண்ணன் மூங்கிலை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.